ஐயாதுரையின் முகவரிகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் சேக் முகைதீன் பேன்சி கடை வைத்திருந்தார். வளையலும் பொட்டும் பள்ளிக்கூடப் பையும் குடையுமாக வாசல் வரைக்கும் சரக்கு தொங்கும். அவருடைய மகள் அல்ஃபியா கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் சில வருஷம் வேலை பார்த்தாள். ஒருநாள் திரும்பி வந்து, "அத்தா, இனிமே இங்கயே தனியாப் பாக்கப் போறேன்" என்றாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கடையின் பின்பாதியை பிளைவுட் பலகையால் தடுத்து, ஒரு மேசை போட்டு, மின்விசிறியும் மாட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப், இ-சேவை மையத்துப் பிரிண்டர் என்று சின்னச் சின்ன வேலையாகத்தான் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பரிபூரணம் அம்மாளின் வேலை கிடைத்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அவருடையது. கணவர் இறந்த பிறகு, இதை விற்றுவிட்டுப் போய்விடுவார் என்று ஊரே நினைத்திருக்க, தறிகளைக் கூட்டி, பக்கத்து இடத்தையும் வாங்கிப் போட்டவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அளந்து பேசுவார்.

"ஆபீஸ்ல எல்லாக் கம்ப்யூட்டரும் பழசாயிருச்சு. புதுசு வாங்கியாச்சு. பழசுல இருக்கிறது அம்புட்டும் புதுசுக்கு வரணும். முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் மேடம்."

"ஒண்ணும் விட்டுப்போயிராதே?"

"ஒரு எழுத்துகூடப் போகாது மேடம். நான் பொறுப்பு."

சொன்ன மாதிரியே ஒரு சனி ஞாயிறில் வேலையை முடித்தாள். கணக்கு, பில், கப்பல் காகிதங்கள், மெயில் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துப் புது கம்ப்யூட்டர்களுக்கு மாற்றினாள். கிளம்பும்போது மேனேஜர் ஐயாதுரையிடம், பழைய கம்ப்யூட்டர்களைத் தான் சொல்லும் வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள். சரிம்மா சரிம்மா என்றார் அவர். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குத் திரும்பியபோது அல்ஃபியாவுக்கு ஊரே கொஞ்சம் அழகாகத் தெரிந்தது. முதல் பெரிய வேலை. யார் உதவியும் இல்லாமல் செய்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஐயாதுரை போன் செய்தார்.

"ஏம்மா அல்ஃபியா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா பறக்குது. ஆனா பேரு வர மாட்டேங்குதே."

"எந்தப் பேரு சார்?"

"எல்லாப் பேரும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனாள்.

ஐயாதுரை இருபது வருஷத்துக்கு மேலாக அந்த கம்பெனியின் ஏற்றுமதிக் கடிதங்களைப் பார்ப்பவர். தமிழ் மீடியத்தில் படித்து, வேலையில் சேர்ந்த பிறகு வியாபார ஆங்கிலம் பழகியவர். இரண்டே விரலால் தட்டுவார். ஆனால் ஒரு கடிதத்திலும் பிழை இருக்காது. அவள் வந்ததும் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்து, புது மெயில் ஒன்றைத் திறந்து காட்டினார்.

"இந்தா பாரு. முன்னால எல்லாம் இங்கன ரெண்டு எழுத்து தட்டுனாப் போதும், ஆளு முழுப் பேரோட வந்து நிப்பாரு. எஸ், வி தட்டுனா டென்மார்க்காரரு. எச், ஈ தட்டுனா ஜெர்மனி அம்மா. இப்ப என்ன தட்டுனாலும் வெறிச்சுன்னு கெடக்கு."

அல்ஃபியா முகவரிப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பேங்க் மேனேஜர், ஆடிட்டர், தூத்துக்குடி ஷிப்பிங் ஏஜென்ட் என்று ஒரு கைப்பிடிப் பேர்தான் இருந்தது.

"நீங்க வெளிநாட்டு ஆளுக பேரை இதுல சேத்து வைக்கலயா சார்?"

"எதுக்குச் சேக்கணும்? அதான் தட்டுனாலே வருமே."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மெயில் அனுப்ப அனுப்ப, அந்த முகவரிகளையெல்லாம் மென்பொருள் தன் வசதிக்காக ஓர் ஓரத்தில் தனிக் கோப்பாகச் சேர்த்துக்கொண்டே வரும். ஐயாதுரை அதைத்தான் முகவரிப் பட்டியல் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கோப்பு வேறொரு இடத்தில் ஒளிந்து கிடக்கும். அல்ஃபியா அதை எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாமலும் இல்லை. பட்டியல் தனியாக இருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டாள்.

"அனுப்புன மெயில்ல தேடி எடுத்துரலாம் சார்."

"இந்த வருஷத்து மெயில்தாம்மா இருக்கு. பெட்டி நெறஞ்சிருச்சு, பெட்டி நெறஞ்சிருச்சுன்னு அது கத்தும். பழசையெல்லாம் அழிச்சிருவேன்."

"பில்லுல இருக்குமே?"

"பில்லுல கம்பெனி பேரு இருக்கும், ஆளு பேரு இருக்காது. கம்பெனிக்குப் பொதுவா எழுதுனா எவனும் படிக்க மாட்டான். ஆளுக்கு எழுதணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஐரோப்பாவுக்கான தரச் சான்று போன வாரந்தான் நமக்கு வந்திருக்கு. இது இல்லாமத்தான் பழைய ஆளுக பாதிப்பேரு நம்மள விட்டுப் போனாவ. அம்புட்டுப் பேருக்கும் இப்ப எழுதணும்னு மேடம் சொல்லியிருக்காவ. அடுத்த மாசம் ஜெர்மனியில ஒரு மருத்துவச் சாமான் கண்காட்சி. அங்க நம்ம ஸ்டாலுக்கு வரச் சொல்லிக் கூப்பிடணும். விட்டுப் போனவுகளைத்தாம்மா கூப்பிடணும். அவுகளோட பழைய மெயில் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல."

"பழைய கம்ப்யூட்டரு எங்க சார்?"

ஐயாதுரை நெற்றியைத் தடவினார்.

"வத்திராயிருப்புல மேடம் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு நேத்துக் காலையில வண்டியில ஏத்தி விட்டுட்டாவ. நீ சொன்னத நான் சொல்ல மறந்துட்டேன்."

இந்த இடத்தில் அல்ஃபியா தப்பித்துக்கொண்டிருக்கலாம். முகவரிகளைச் சேமிக்காதது அவர் தவறு, பழையதைக் கொடுத்ததும் அவர் தவறு என்று சொல்லிக் கையைக் கழுவியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஐயாதுரையும் வேறொரு வழி சொன்னார்.

"மேடத்துக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். நீ மட்டும் போயி எடுத்துட்டு வந்துரு. நான் நாளைக்கு அனுப்புறேன்னு சொல்லிச் சமாளிக்கேன்."

"இல்ல சார். ஒண்ணும் விட்டுப்போகாதுன்னு அவியகிட்ட சொன்னது நானு. விட்டுப்போயிருச்சுன்னும் நாந்தான் சொல்லணும்."

எழுந்து போய் பரிபூரணத்தின் அறைக் கதவைத் தட்டினாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். என்ன போனது, ஏன் போனது, தான் எதை எடுக்காமல் விட்டாள் என்று எதையும் மறைக்கவில்லை. ஐயாதுரை சொல்ல மறந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை. அதை அவரே பின்னால் வந்து நின்று சொன்னார்.

பரிபூரணம் கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திரும்ப வருமா?"

"அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அழிக்காம இருந்தா முழுசா வரும். அழிச்சிருந்தா எம்புட்டு வரும்னு பாத்தாத்தான் தெரியும் மேடம்."

உடனே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மேசை டிராயரிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார்.

"வாங்க. நானே ஓட்டுறேன்."

கார் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியது. மடியில் லேப்டாப் பையை அணைத்துக்கொண்டு அல்ஃபியா பின் சீட்டில் இருந்தாள். மலை பக்கத்தில் நெருங்கி, இருபுறமும் தென்னந்தோப்பு தொடங்கியதும் பரிபூரணம் வாய் திறந்தார்.

"எனக்கு ஒரு சங்கடம். குடுத்த பொருளை மறுநாளே போயித் திருப்பிக் கேக்குறது. நான் படிச்ச எடம் அது. நேத்து அவிய எனக்குச் சால்வை போட்டு போட்டோவெல்லாம் எடுத்தாவ. இன்னைக்குப் போயி எடுத்துட்டு வாரேன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது."

"எடுத்துட்டு வர வேண்டாம் மேடம். அங்கனயே உக்காந்து எனக்கு வேண்டிய ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுத்துக்கிடுவேன். கம்ப்யூட்டரு அங்கயே இருக்கும்."

பரிபூரணம் காரின் முன்கண்ணாடியில் தெரிந்த அவளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வேகத்தைக் கூட்டினார்.

பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையை பெலிக்ஸ் என்ற வாத்தியார் கவனித்துக்கொண்டிருந்தார். இவர்கள் போனபோது அறை ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வத்திராயிருப்பில் மாதாந்திர மின்தடை. காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள்.

"மேடம், சொல்லியனுப்பியிருந்தா ஹெட்மாஸ்டரை இருக்கச் சொல்லியிருப்பேனே" என்று பதறி எழுந்தார்.

அல்ஃபியா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிப்போனது.

"நேத்து சாயங்காலமே உக்காந்து எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணி அழிச்சுட்டனே. கம்பெனிச் சமாசாரம் உள்ள கெடக்கும், பிள்ளைக கையில போகக் கூடாதேன்னு நல்லதுக்குத்தான் பண்ணுனேன்."

ஐயாதுரை அங்கிருந்த ஒரு ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கு மேல புதுசா எதையாச்சும் ஏத்துனீங்களா சார்?" என்று அல்ஃபியா கேட்டாள்.

"காலையில ஏத்தலாம்னு இருந்தேன். வந்து பாத்தா கரண்ட் இல்ல."

அப்படியென்றால் இன்னும் எடுக்க வழி இருக்கிறது என்றாள் அவள். வீட்டைக் காலி செய்த மாதிரிதான் வெளியே தெரியும், ஆனால் வேறு ஆள் குடி வரும் வரை பழைய சாமான் உள்ளேயேதான் கிடக்கும் என்று மற்ற மூவருக்கும் புரியும்படி சொன்னாள். வரிசையாக இருந்த கம்ப்யூட்டர்களில் எது தன்னுடையது என்று ஐயாதுரைக்குப் பார்த்ததும் தெரிந்தது. அதன் பட்டன் உடைந்து, பேனா முனையால் குத்தித்தான் அவர் இத்தனை நாளும் அதை ஆன் செய்துவந்தார்.

மூடியைத் திறந்து ஹார்டு டிஸ்கைக் கழற்றினாள். ஒரு சின்ன வயர்ப் பெட்டியில் மாட்டி லேப்டாப்போடு இணைத்து, அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருளை ஓட விட்டாள். பச்சைக் கோடு எறும்பு போல நகர்ந்தது. கோடு கால்வாசி போவதற்குள் லேப்டாப்பின் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில் அணைந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"மெயின் ரோட்டுல பெட்ரோல் பங்கு இருக்கு. ஜெனரேட்டர் ஓடும்" என்றார் பெலிக்ஸ்.

வயரையும் டிஸ்கையும் பிரிக்காமல், அல்ஃபியா லேப்டாப்பைத் திறந்தபடியே இரு கையிலும் ஏந்திக்கொண்டாள். ஐயாதுரை டிஸ்கைக் குழந்தையைத் தூக்குவதுபோல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒட்டியே நடந்தார். பரிபூரணம் முன்னால் போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். பங்கில் உட்கார்ந்திருந்தவர் பரிபூரணத்தைப் பார்த்ததும் எழுந்து மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். அந்த ஊரில் அவரைத் தெரியாதவர் குறைவு.

பிற்பகல் முழுவதும் அந்தச் சின்ன அறையில், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே காத்திருந்தார்கள். டீ வந்தது. வெளியே டிராக்டரும் மினி பஸ்ஸும் வந்து டீசல் போட்டுப் போயின. தேடல் முடிந்தபோது அழிந்த கோப்புகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. பெயர் எல்லாம் போய், வெறும் எண்களாக. அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள், மூடினாள். பரிபூரணம் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரு கோப்பைத் திறந்ததும் திரை முழுக்கக் கோணல் மாணலான எழுத்துக்கள் வந்தன. வேறு யாராவது என்றால் குப்பை என்று மூடியிருப்பார்கள். அல்ஃபியா கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தாள். அந்தக் குப்பைக்கு நடுவே ஒரு முகவரி தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

"சார், இவரு யாருன்னு பாருங்க."

ஐயாதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"டென்மார்க்காரரு" என்றார். "அவரேதாம்மா."

கோப்பின் கடைசிப் பகுதி சிதைந்துதான் இருந்தது. ஆனால் முன்பகுதி தப்பியிருந்தது. அல்ஃபியா முகவரிகளை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கீழே கீழே அடுக்க, ஐயாதுரை ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார்.

"இது நார்வே. முதல் கண்டெய்னர் எடுத்தது இவுகதான். நம்ம மொதலாளி சார் உயிரோட இருந்த காலத்துல. இது ஜெர்மனி அம்மா, ரொம்பக் கறாரு. நூல் எண்ணிக்கையில ஒண்ணு கொறஞ்சாலும் திருப்பி அனுப்பிரும். இவரு போலந்து. இவரு மகளுக்குக் கல்யாணம்னு எழுதுனாரு, நான் வாழ்த்து அனுப்புனேன். இது கென்யாவுல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. வெள்ளம் வந்தப்போ நம்மகிட்ட சரக்கு கேட்டாவ, சார் விலை போடாமலே அனுப்பச் சொன்னாரு."

பரிபூரணம் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தன் கம்பெனித் துணி எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்பது அவருக்குக் கணக்கில் தெரியும். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு ஆள் இருக்கிறார், அந்த ஆளுக்கு ராஜபாளையத்தில் ஒருவரைத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் அவர் கண்ணால் பார்த்தார்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புன கதை எனக்குத் தெரியாதே" என்றார்.

"சார் சொல்ல வேண்டாம்னுட்டாரு மேடம்."

பரிபூரணம் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். "அவுகளுக்கும் எழுதுங்க. சான்று வந்துருக்குன்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்றார்.

ஊருக்குக் கிளம்புமுன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய், டிஸ்கை மறுபடியும் அந்தக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தாள் அல்ஃபியா. இந்த முறை தானே அதை முழுசாகத் துடைத்து, யாராலும் எதையும் எடுக்க முடியாதபடி செய்துவிடுவதாகவும், சனிக்கிழமை வந்து மற்ற கம்ப்யூட்டர்களையும் ஏற்றிக் கொடுப்பதாகவும் பெலிக்ஸிடம் சொன்னாள். அப்படியே வரவும் செய்தாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் ராஜபாளையத்தில்தான் இருந்தாள். மீண்ட முகவரிகளை ஐயாதுரை தன் கையாலேயே முகவரிப் பட்டியலில் பதிந்தார். தானே தட்டித் தருகிறேன் என்று அல்ஃபியா சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. ஆள் பேர், ஊர், என்ன ரகத் துணி எடுப்பார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சேர்த்தார். சிதைந்துபோன பகுதியில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்து யோசித்து, சிலரை அவர்களுடைய கம்பெனி வலைத்தளத்தில் தேடிப் பிடித்தார்கள். சிலர் கிடைக்கவே இல்லை. அல்ஃபியா மூன்று தனித்தனி இடங்களில் பிரதி எடுத்து வைத்து, அது எங்கெங்கே இருக்கிறது என்பதைப் பரிபூரணத்திடமே காட்டிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை கடிதம் போனது. அன்று சாயங்காலமே சில முகவரிகள் செல்லாது என்று திரும்பி வந்தன. ஐயாதுரை வாடிப்போனார். மறுநாள் காலை அவர் வந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தபோது பதில்கள் வந்து கிடந்தன. டென்மார்க்காரர் ஓய்வு பெற்றுவிட்டாராம், தன் இடத்துக்கு வந்திருக்கும் ஆளுக்குக் கடிதத்தை அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தார். கறாரான ஜெர்மனி அம்மாள், சான்றின் நகலை அனுப்பச் சொல்லி, கண்காட்சியில் வந்து பார்க்கிறேன் என்று ஒற்றை வரியில் முடித்திருந்தார். மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதில் நீளமானது. பரிபூரணம் அதைத் தன் அறைக்குக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்.

வெளியே வந்ததும் அல்ஃபியாவுக்குப் போன் போட்டார்.

"தறிப் பக்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டரும் பழசுதான். எப்ப வந்து பாக்குறே?"

"மேடம், இந்த விஷயத்துல நான்..."

"நீ செஞ்சதும் தெரியும், விட்டதும் தெரியும். அதனாலதான் ஒன்னையவே கூப்பிடுறேன். எப்ப வாரே?"

திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனை வைத்தபோது அல்ஃபியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்க்குமுன் துடைத்துக்கொண்டு, மேசையில் திறந்து கிடந்த லேப்டாப்பின் மேல் குனிந்தாள்.

ஆனால் ஊர் வாய் அதற்குள் வேறு விதமாகப் பேசத் தொடங்கியிருந்தது. அன்று மாலை பேன்சி கடையின் முன்பக்கம் குடை வாங்க வந்த ஒருவர், பேச்சோடு பேச்சாக இழுத்தார்.

"என்ன பாய், ஒங்க மக ராஜபாளையத்துல ஒரு கம்பெனியோட சமாசாரத்தையெல்லாம் தொலைச்சிருச்சாமே. வெளிநாட்டுப் பார்ட்டி பேரெல்லாம் போயிருச்சுன்னு பேசிக்கிடுதாவ."

பலகைக்கு இந்தப் பக்கம் அல்ஃபியாவின் கை நின்றது. வீட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அத்தா அப்போது சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று இந்த நாலு நாளும் அவளுக்குத் தெரியாது.

சேக் முகைதீன் குடையை விரித்துக் கம்பி சரியாக நிற்கிறதா என்று பார்த்தார்.

"ஆமா, தொலைச்சா" என்றார். "தொலைஞ்சு போச்சுன்னு அவளே மொதலாளிகிட்டப் போயிச் சொன்னா. வத்திராயிருப்பு வரைக்கும் போயி அவளே தேடி எடுத்துட்டும் வந்தா. இப்ப அவிய ரெண்டாவது ஆபீஸையும் எம்மககிட்டயே குடுத்திருக்காவ. இன்னைக்குத்தான் போன் வந்துச்சு. ஒங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏதும் கோளாறு இருந்தாக் கொண்டு வாங்க. அவ பின்னாலதான் இருக்கா."

வந்தவர் குடையை மடக்கி வாங்கிக்கொண்டார். தன் மகனுடைய லேப்டாப் ரொம்ப நாளாக மெதுவாக ஓடுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துட்டு வரச் சொல்லுங்க அத்தா" என்று அல்ஃபியா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.